புள்ளி விழாத ஸ்டாம்ப்: தீபாவளி அட்டைக்கு எதை வாங்கலாம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து டோங்காட்டில் இருக்கும் தோழி கேட்டது ஒரு வரிக் கேள்வி. தீபாவளி வாழ்த்து அட்டைக்குத் தமிழ் எழுத்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுக்கப் போகிறாள். மரக்கட்டையில் ஒட்டி வரும் சிவப்பு ரப்பரா, அக்ரிலிக் கட்டையில் ஒட்டி உரித்துக்கொள்ளும் கண்ணாடி ஸ்டாம்பா (கண்ணாடி போலத் தெளிவான பாலிமரில் செய்வது)? இரண்டும் வருடக்கணக்கில் என் மேஜையில் புழங்குகிறவை. பதிலும் ஒரு வரிதான்: சிவப்பு ரப்பர். ஆனால் அதோடு நிறுத்தினால் அக்டோபர் மாதம் என்னைத் திட்டுவாள். ஏனென்றால் இரண்டிலுமே புள்ளி ஒழுங்காக விழாது.

மெய்யெழுத்துப் புள்ளியைத்தான் சொல்கிறேன். 'தீபாவளி நல்வாழ்த்துகள்' என்ற ஒரு வரியில் நான்கு புள்ளி இருக்கிறது, ல், ழ், த், ள் தலையில். ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இரண்டே இரண்டுக்குத்தான் மேலே புள்ளி, அது விழாவிட்டாலும் சொல் படிக்க வரும். நமக்கு ஒன்று விழாவிட்டால் அது எழுத்துப்பிழை. அதுவும் அச்சடித்த மாதிரி அழகாகத் தெரியும் எழுத்துப்பிழை. டர்பன் பக்கம் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவுதானே என்று சமாதானம் சொல்ல வேண்டாம். தமிழ் வகுப்புக்குப் போகிற பத்து வயதுப் பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

புள்ளி இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, விழவே விழாது. லேசரில் வெட்டும் ரப்பரில் எழுத்தைச் சுற்றியுள்ள ரப்பரை எரித்து எடுக்கிறார்கள். எழுத்துக்குக் கீழே சரிவாக ஒரு அடித்தாங்கல் விட்டால்தான் மெல்லிய கோடு நிற்கும். அந்தச் சரிவை விடாமல் நேராக வெட்டினால், தனியாக நிற்கும் சின்னப் புள்ளி அழுத்தும்போது சாய்ந்துவிடும், சில நாளில் பிய்ந்தும் போகும். இரண்டாவது, மை அடைத்துக்கொண்டு புள்ளி எழுத்தோடு சேர்ந்துவிடும். இது கண்ணாடி ஸ்டாம்பின் வியாதி. அதில் திரவ பாலிமர் மேல் எழுத்தின் நெகட்டிவ் ஃபிலிம் வைத்துப் புற ஊதா ஒளி காட்டி, ஒளி படாத பகுதியைக் கழுவி எடுக்கிறார்கள். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் உள்ள சந்து, ழகரத்தின் வளைவு, ணகரத்தின் சுழி, இவையெல்லாம் முழு ஆழத்துக்குக் கழுவப்படுவதில்லை. மேலோட்டமான பள்ளத்தில் மை போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். புள்ளி வளையமாக உள்ள எழுத்துரு வேண்டாம், நிறைந்த புள்ளியாக இருப்பதை எடு. புள்ளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எழுத்துக்கும் அதற்கும் இடையிலும் அதே அளவு இடம் வேண்டும். தேவையானால் வரைகலை மென்பொருளில் புள்ளியை மட்டும் பிடித்து மேலே நகர்த்திக்கொள். பிறகு எழுத்தை வடிவக்கோடாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப் ஆக அனுப்பு. வேர்ட் கோப்பாக அனுப்பவே கூடாது. கம்பெனி முத்திரை செய்யும் கடையில் தமிழ் எழுத்துரு இருக்காது. 'பொங்கல்' என்பதில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு கட்டம் என்று வந்து நிற்கும், அவரும் அதை அப்படியே வெட்டிக் கொடுத்துவிடுவார். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியும் அனுப்பாதே, அதை அவர்கள் மென்பொருளே செய்துகொள்ளும். அடித்தாங்கல் விடச் சொல்லி எழுத்தில் கேள்.

புது ரப்பர் ஸ்டாம்பில் லேசர் கரி ஒட்டியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும், ஆனால் மரக்கட்டையைத் தண்ணீரில் ஊற வைக்காதே. புதுக் கண்ணாடி ஸ்டாம்பில் மை முத்து முத்தாக ஒதுங்கி நின்றால், மென்மையான அழிரப்பரால் முகத்தை லேசாகத் தேய். வெயில் படும் ஜன்னலில் வைத்தால் அது மஞ்சளாகி விறைத்துப்போகும்.

மை விஷயத்தில் எனக்குச் சண்டையே இல்லை. வாட்டர் கலர் மேலே போகப் போகிறது என்றால் வெர்சாஃபைன் ஓனிக்ஸ் பிளாக், இல்லையென்றால் ரேஞ்சர் ஆர்க்கைவல் ஜெட் பிளாக். முன்னது எண்ணெய் கலந்த நிறமி மை, நுணுக்கமான கோட்டுக்கு அதை அடிக்க ஆளில்லை. மெமென்டோ நல்ல மைதான், ஆனால் ஆல்கஹால் மார்க்கருக்கு உரியது, தண்ணீர்த் தூரிகை பட்டதும் எழுத்து அழ ஆரம்பித்துவிடும். ஸ்டேஸ்ஆன் கரைப்பான் மை, ரப்பருக்குச் சரி, கண்ணாடி ஸ்டாம்பை நாளடைவில் கெடுக்கும்.

எண்ணெய் மைக்கு ஒரே எதிரி நம் ஊர்க் காற்று. தீபாவளி சமயம் டர்பனில் மழை தொடங்கிவிடும், கடல் ஈரம் வேறு. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், தூரிகை போனதும் கறுப்பு இழுத்துக்கொண்டு வரும். ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) பத்து சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, மையின் மினுமினுப்பு அடங்கும்வரை காட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் ஹீட் கன்னை இங்கே 230 வோல்ட்டில் செருகினால் அது புகைந்து போகும், அடாப்டர் முள்ளைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. கரன்ட் இல்லாத நாளில் ஒரு இரவு முழுக்கக் காய விடு.

காகிதம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஹாட் பிரஸ், அதாவது வழவழப்பான வாட்டர் கலர் காகிதம். கோல்டு பிரஸ்ஸின் மேடுபள்ளத்தில் புள்ளி பள்ளத்துக்கு நேராக வந்தால் அவ்வளவுதான். ஹாட் பிரஸ்ஸில் நீர் சீக்கிரம் விளிம்பு கட்டும் (வண்ணம் ஓரத்தில் கோடாகக் காய்ந்து நிற்கும்) என்பது உண்மை, அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கனத்தை மடித்தால் மடிப்பில் வெடிக்கும். அதனால் 95 × 138 மில்லிமீட்டர் துண்டில் வேலையை முடித்து, ஏ5 அட்டையைப் பாதியாக மடித்து அதன்மேல் ஒட்டு. பசை வேண்டாம், இரட்டைப்பக்க டேப். இந்த ஈரத்தில் பசை அட்டையை நெளிய வைக்கும்.

அடிக்கும் முறை: ஸ்டாம்பின் முகம் மேலே பார்க்கட்டும், மைப் பேடைக் கையில் எடுத்து அதன்மேல் நாலைந்து தட்டு தட்டு. ஸ்டாம்பைப் பேடில் அமுக்கினால் சந்தெல்லாம் மை. காகிதத்துக்கு அடியில் மூன்று நான்கு ஜெராக்ஸ் தாள் போதும். ஃபோம் விரித்தால் புள்ளி பருத்துவிடும், அடித்தாங்கலின் விளிம்பும் சேர்ந்து விழும். நேராக வைத்து, அசைக்காமல் அமுக்கி, நேராகத் தூக்கு. ஸ்டாம்பை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும், கீல் மூடியுள்ள ஸ்டாம்ப் பொசிஷனர் இருந்தால் விழாத புள்ளிக்காக அதே இடத்தில் மறுபடி அடிக்கலாம். என்ன பயன்? விழாத புள்ளி விழும், விழுந்திருந்த மூன்றும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

எம்போஸிங் பவுடர் (ஈர மையில் தூவிச் சூட்டில் உருக்கும் தூள்) போட்டுப் பொன்னெழுத்தாக்கலாமா என்று அடுத்து கேட்பாள். மிக நுண்ணிய பவுடரை எடுத்தாலும் உருகும்போது அது உப்பும். தவிர இந்த ஈரக் காற்றில் பவுடர் காகிதமெங்கும் ஒட்டும். நிலைமின் தடுப்புப் பையால் தேய்த்த பிறகும் ஒரு துணுக்கு ககரத்தின் தலையில் உட்கார்ந்து 'வாழ்த்துக்ள்' ஆக்கிவிடும்.

இதற்கெல்லாம் நேர்மாறு படம். விளக்கு, மாவிலை, செண்டுமல்லி மாலை எல்லாம் சிவப்பு ரப்பரில் விழுகிற அழகுக்கு நான் அடிமை. ஹீட் கன் காட்டியபின் காகிதம் ஆறட்டும், சூட்டோடு வண்ணம் வைத்தால் விளிம்பு உடனே கட்டிவிடும். ஆறாம் நம்பர் தூரிகையில் வெதுவெதுப்பான மஞ்சளை விட்டு, ஈரம் இருக்கும்போதே இதழ் அடியில் ஆரஞ்சும் துளி பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) தொட்டால், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். புள்ளிக்கோல ஸ்டாம்பில்கூட அத்தனை புள்ளியும் வரிசையாக விழுகிறது, அது வேறு எரிச்சல்.

சரி, தீர்ப்பு. படத்துக்குச் சிவப்பு ரப்பர், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. எழுத்துக்கு, இருபது அட்டைக்குள் என்றால் எதையும் வாங்காதே, நீர் படாத மைப் பேனாவால் எழுது. அதற்கு மேல் என்றால் அதே சிவப்பு ரப்பரைப் புள்ளியே இல்லாமல் செய்யக் கொடு, நான்கு புள்ளியையும் 0.3 மில்லிமீட்டர் பேனாவால் கையால் வை. இத்தனை அளவு சொன்ன பிறகு இதையா சொல்கிறாய் என்றால், ஆமாம், அடுத்த ஆர்டர் நானும் அப்படித்தான் கொடுக்கப் போகிறேன். கடைக்காரர் ஒன்றும் கேட்க மாட்டார், அவருக்குத் தமிழ் தெரியாது. பார்சலைப் பிரிக்கும்போது உன் மாமியார் பக்கத்தில் இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்.