வீகன் தொகுப்பு: எதற்கு உதவும், எங்கே சறுக்கும்

புள்ளியியல் கணக்குகளுக்கான ‘ஆர்’ என்ற கணினி மொழியில் இயங்கும் இலவச நிரல் தொகுப்பு இது. பெயரைப் பார்த்து உணவுமுறை என்று எண்ண வேண்டாம். தாவரக் கூட்டங்களைப் பகுத்தாய்வதற்கென வைத்த பெயர். தனி உயிரி, இனக்கூட்டம், உயிரினச் சமூகம், சூழல் மண்டலம் என்று சூழலியலுக்குப் படிநிலைகள் உண்டு. வீகன் மூன்றாவது படிக்கானது. விலங்கைப் பிடித்துக் குறியிட்டு எண்ணிக்கையை மதிப்பிடுவதற்கோ, கார்பன் வரவு செலவு பார்ப்பதற்கோ இதைத் திறக்கவே வேண்டாம்.

உள்ளிருக்கும் கருவிகளில் பல இரவல் வாங்கியவை. இனப் பன்மையை ஓர் எண்ணாகச் சொல்லும் ஷானன் குறியீடு 1948இல் தகவல் தொடர்புக்காகப் பிறந்தது. ஒத்த ஆய்விடங்களை அருகருகே புள்ளிகளாக வைத்துப் படம் போடும் மெட்டாஎம்டிஎஸ் கட்டளையின் அடிப்படையை 1964இல் க்ரஸ்கல் உளவியல் அளவீட்டு இதழில் வெளியிட்டார். அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளை ஆராய்ந்து 1957இல் வந்த, இரு ஆய்விடங்களின் இனங்கள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று அளக்கும் பிரே–கர்டிஸ் வேறுபாடு மட்டும் சொந்த வீட்டுப் பிள்ளை. இரவலின் தொல்லை ஷானனிலேயே தெரியும். அதன் கணக்கில் மடக்கை (லாகரிதம்) வரும்; வீகன் இயல் மடக்கையை, அதாவது e அடியை, எடுத்துக்கொள்கிறது. அடி 2 வைத்தவர் அதே தரவுக்கு 1.44 மடங்கு பெரிய எண்ணைத் தருவார். மடக்கையின் அடியைச் சொல்லாத கட்டுரையோடு ஒப்பிடுவது வீண்.

வீகனுக்குத் தரும் தரவு அட்டவணையில் வரிசை ஆய்விடம், நெடுவரிசை இனம். மாற்றிப் போட்டாலும் கணக்கு முரண்டு பிடிக்காமல் ஓடும், அதுதான் ஆபத்து. ஓர் இனமும் கிடைக்காத ஆய்விடங்களை முதலிலேயே நீக்குங்கள். இரண்டு வெற்று வரிசைகளுக்கு இடையே பிரே–கர்டிஸ் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும்.

மெட்டாஎம்டிஎஸ் தானாகவே தரவை மாற்றும்: பெரும எண் 50ஐத் தாண்டினால் வர்க்கமூலம், 9ஐத் தாண்டினால் விஸ்கான்சின் இரட்டைத் தரப்படுத்தல் (ஒவ்வோர் இனத்தையும் அதன் பெருமத்தாலும், பிறகு ஒவ்வோர் ஆய்விடத்தையும் அதன் கூட்டுத்தொகையாலும் வகுப்பது). வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். தொடக்கப் புள்ளிகள் தற்செயலானவை என்பதால் அதே முடிவை மீண்டும் பெற, தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணைக் குறித்து வையுங்கள். படம் உண்மையான வேறுபாடுகளிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் ‘அழுத்தம்’ 0.2க்கு மேல் போனால் இரு பரிமாணப் படத்தை நம்பாதீர்கள்.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது, ஆய்விடக் குழுக்கள் வேறுபடுகின்றனவா என்று சோதிக்கும் அடோனிஸ்2 கட்டளை. குழுக்களின் மையம் வேறுபடாமல் சிதறல் மட்டும் வேறுபட்டாலும் அது ‘வேறுபாடு உண்டு’ எனலாம். சிதறலை மட்டும் ஒப்பிடும் பீட்டாடிஸ்பரையும் கூடவே ஓட்டுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுத்த மாதிரிகளென்றால் சோதனைக்காக மாதிரிகளைத் தற்செயலாக இடம் மாற்றிப் பார்க்கும் கலைப்பை அந்தந்த இடத்துக்குள்ளேயே கட்டுப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பி மதிப்புக்கு, அதாவது வேறுபாடே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்புக்கு, பொருளே இல்லை.