பள்ளிபாளையம் சிக்கன், பள்ளிபாளையத்திலேயே: ஒரு வீட்டு மெஸ்

பள்ளிபாளையம் சிக்கன் என்று பெயர் போட்டு ஊர் ஊருக்கு என்னென்னமோ விற்கிறார்கள். சோள மாவில் பொரித்தது, தக்காளி வதக்கிய தொக்கு, கரம் மசாலா தூக்கலான பிரட்டல் என்று எல்லாம் அந்தப் பெயரில்தான். ஈரோட்டில் காவிரிப் பாலம் ஏறி இறங்கினால் நாமக்கல் மாவட்டம், பள்ளிபாளையம். அங்கே தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில், வீட்டு முன்னறையில் நாலு மேசை போட்டு ஒரு குடும்பம் நடத்தும் மெஸ்ஸில் அது அசல் ருசியில் கிடைக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. அடுப்பில் வீட்டுக்காரர், பரிமாற அவர் மனைவி, சாயங்காலம் இடியாப்பம் மாதிரியான சந்தகைக்கு அமுச்சி, அதாவது வீட்டுப் பாட்டி.

சிக்கனை மொத்தமாகச் செய்து வைப்பதில்லை. ஒரு ஈடுக்கு ஒரு கிலோ கறி, எலும்போடு, நெல்லிக்காய் அளவுத் துண்டு. அதற்குக் கால் கிலோவுக்குக் குறையாமல் சின்ன வெங்காயம், 20 வரமிளகாய், அரை மூடித் தேங்காய்ச் சில்லு, அரை ஸ்பூன் மஞ்சள்தூள், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, உப்பு, கடலெண்ணெய். அவ்வளவுதான். மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிடுகிறார்கள். விதை கிடந்தால் எண்ணெயில் முதலில் அதுதான் கருகும். அந்தக் கசப்பும் காரமும் கடைசிவரை போகாது.

வடச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் மிளகாய் நிறம் மாறும்போதே வெங்காயத்தைக் கொட்டி, அது கண்ணாடியாகிற வரை வதக்குகிறார். பிறகு கறி, மஞ்சள், உப்பு. மூடி போடுவதில்லை. கறி விட்ட தண்ணீர் சுண்டியதும், கையால் அள்ளி அள்ளித் தெளிக்கும் தண்ணீரிலேயே வெந்தாக வேண்டும். மூடி வைத்தால் கறி அவிந்துவிடும், வறுவல் வராது. பெரிய வெங்காயம் போட்டாலும் இதே கதை: நீர் விட்டு, இனிப்பு ஏறி, குழம்பு மாதிரி நிற்கும். தேங்காய்ச் சில்லு கடைசி ஐந்து நிமிடத்தில்தான் விழுகிறது. முன்னாடியே போட்டால் அது சவசவவென்றாகும்.

தட்டு வந்ததும் மிளகாயைப் பாருங்கள். தோல் பளபளவென்று சுருங்கி, அடர்சிவப்பாக இருக்கும். கருப்பு ஒரு பொட்டு இருக்காது. தட்டைச் சாய்த்தால் செம்மஞ்சள் எண்ணெய் மட்டும் ஓரத்துக்கு ஓடும், தண்ணீர் பிரியாது. ஒரு வாய்க்குக் கறித்துண்டோடு ஒரு சில்லும் சேர்த்துக் கடியுங்கள். காரத்தைத் தேங்காய் அங்கேயே அடக்கிவிடும். இந்தப் பதார்த்தத்தின் கணக்கே அதுதான்.

ஒரு ஈடு இறங்க அரை மணி நேரம் ஆகிறது. உட்கார்ந்ததும் சிக்கன் சொல்லிவிட்டு, பிறகு சாப்பாடு கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை 1 மணிக்கு மேல் போக வேண்டாம். அந்த நெரிசலில் இரண்டு கிலோவை ஒரே சட்டியில் தள்ளுகிறார்கள். சட்டி சூடு இறங்கி, கறி வறுபடாமல் வேகிறது. மற்ற நாள் ருசி அன்றைக்கு வருவதில்லை. சொல்லியே ஆக வேண்டிய குறை இது.

சாப்பாட்டில் கொள்ளு தவறாமல் உண்டு. வேகவைத்த தண்ணீரை இறுத்து ரசம் வைக்கிறார்கள், வெந்த பருப்பைச் சீரகம், பூண்டு, வரமிளகாயோடு கடைகிறார்கள். சுடுசோற்றில் கடைசல், மேலே நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ள அந்தச் சிக்கன். இலையில் மிச்சம் வைத்தால், "ஏனுங்க, கொள்ளு புடிக்கலீங்களா?" என்று கேட்டு நிற்பார் அந்த அக்கா. மோர் நன்றாக இருக்கிறது. பொரியல் சுமார்தான்.

சாயங்காலம் 7 மணிக்கு மேல் சந்தகை. பார்ப்பதற்கு இடியாப்பம் போல இருந்தாலும் செய்முறை நேர்த் தலைகீழ். இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்து வேகவைப்போம். இதற்கு ஊறவைத்த புழுங்கலரிசியை நைஸாக அரைத்து, ஆவியில் வேகவைத்து, கொதிக்கக் கொதிக்க அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறிப்போனால் கெட்டியாகி அச்சில் இறங்காது, இழை அறுந்து அறுந்து விழும். அதனால்தான் அமுச்சி ஒவ்வொரு உருண்டையாக ஆவியிலிருந்து எடுக்கிறார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஒரு தட்டு, கோழிக்குழம்பு ஊற்றி ஒரு தட்டு என்று இரண்டும் வாங்கிப் பாருங்கள்.

சந்தகையைப் பார்சல் வாங்காதீர்கள். அரை மணியில் இழைகள் ஒட்டிக் கட்டியாகிவிடும். சிக்கன் தாராளமாக வாங்கலாம். வீட்டில் இரும்புச் சட்டியில் தண்ணீர் விடாமல் சூடாக்கினால் போதும்.