மெடிகேரில் சக்கர நாற்காலிப் பழுது: பாகத்துக்குப் பணம் வருகிறது, கூலியில்தான் இழுபறி

பவர் சக்கர நாற்காலியின் பேட்டரி செத்துப்போனால் அதில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைய நாளே முடங்கிப்போகிறது. அந்த நேரத்தில் அமெரிக்காவின் மெடிகேர் (பெரும்பாலும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) திட்டத்தில் டாக்டர், மருத்துவச் சாதனச் செலவுகளைப் பார்க்கும் பார்ட் பி எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதைப் பற்றியது இந்த மதிப்பீடு. சென்னையிலும் கோவையிலும் டிஎம்இ (வீட்டில் பயன்படுத்தும் மருத்துவச் சாதனங்கள்) பில்லிங் பார்ப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. கிரீன் கார்டு பெற்று 5 வருடம் தொடர்ந்து அங்கே வசித்து, 65 வயதில் பார்ட் பி எடுத்த அப்பா அம்மாவை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கோ இது வீட்டுப் பிரச்சினை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை பயனாளியே முதலில் கட்டும் கழிவுத்தொகை (2025-இல் 257 டாலர்) போக, அனுமதித்த விலையில் 80 சதவீதத்தை மெடிகேர் தருகிறது. மீதி 20 பயனாளியுடையது; மெடிகேப் என்ற துணைக் காப்பீடு இருந்தால் பெரும்பாலும் அதுவும் அடங்கிவிடும். மின்னணு வழியில் போன சுத்தமான கிளெய்முக்கு 14-வது நாளிலிருந்தே பணம் வரலாம். 30 நாளைத் தாண்டினால் வட்டி சேர்த்துத் தர வேண்டும். தனியார் காப்பீட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆக, பாகம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகிறதென்றால் தாமதம் பணம் தரும் இடத்தில் இல்லை. கிளெய்ம் கிளம்புவதற்கு முன்னால் நடக்கும், நடக்காமல் போகும் வேலைகளில் இருக்கிறது.

பேட்டரி கிளெய்ம் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். நாற்காலியின் பில்லிங் கோடு கே0823, அதாவது குரூப் 2, 300 பவுண்டு வரை தாங்கும் சாதாரண வகை. டெக்னீஷியன் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் லேபிள். யூ-1 என்றால் ஈ2365, 22என்எஃப் என்றால் ஈ2361, குரூப் 24 என்றால் ஈ2363. மூன்றுமே சீல் செய்த வகை. சீல் இல்லாத பேட்டரிக்குப் பணம் கிடையாது. ஒரே நேரத்தில் 2 பேட்டரி வரை அனுமதி உண்டு. கோடில் 'ஒவ்வொன்றும்' என்றிருப்பதால் 2 யூனிட் போட வேண்டும். ஜோடி என்று நினைத்து 1 போட்டால் பாதிப் பணம் போச்சு. கோடோடு சேர்க்கும் இரண்டெழுத்துக் குறிகளில், புதுப் பொருள் என்பதற்கு என்யூ, பழுதின்போது மாற்றிய பாகம் என்பதற்கு ஆர்பி. ஆர்பி போட வேண்டிய இடத்தில் ஆர்ஏ போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஆர்ஏ என்றால் நாற்காலியே தொலைந்தது, திருடு போனது, சரிசெய்ய முடியாமல் நொறுங்கியது என்று பொருள். கை வைக்கும் பஞ்சு (கே0019) இரண்டு பக்கமும் மாற்றினால் ஒரே வரியில் 2 யூனிட் போகாது. வலதுக்கு ஆர்டி, இடதுக்கு எல்டி என்று தனித்தனி வரி, வரிக்கு 1 யூனிட். 2019 மார்ச் 1 முதல் இதுதான் விதி.

அடுத்த வரி கூலி: கே0739, 15 நிமிடம் ஒரு யூனிட். இங்கேதான் இந்தச் சேவை சறுக்குகிறது. உண்மையில் எவ்வளவு நேரம் ஆனாலும், வழக்கமான வேலைகளுக்கு மெடிகேருக்காகக் கிளெய்ம் பார்க்கும் ஒப்பந்ததாரர்கள் வைத்திருக்கும் அட்டவணைப்படிதான் கணக்கு. சுத்தம் செய்து சோதிப்பது உட்பட பேட்டரிக்கு 2 யூனிட். புரோகிராம் செய்வதையும் சேர்த்து ஜாய்ஸ்டிக்குக்கு 2. சார்ஜருக்கு 2. ஓட்டுச்சக்கர மோட்டார் ஒன்றுக்கு 2, ஜோடிக்கு 3. சக்கரம் அல்லது டயர் ஒன்றுக்கு 1. டெக்னீஷியன் வண்டி எடுத்து 60 மைல் போய்வந்தால் அந்த நேரத்துக்கு ஒரு காசு கிடையாது. என்ன கோளாறு என்று பார்க்க ஒரு நடை, பாகம் வந்தபின் பொருத்த ஒரு நடை என்று இரண்டு முறை போனாலும் அப்படித்தான். ஊருக்கு வெளியே இருப்பவர்களின் வேலையைச் சப்ளையர்கள் தள்ளிப்போடுவதற்கு இது பெரிய காரணம். பொருளுக்கு நியாயமாகக் கொடுத்துவிட்டு, அதைப் பொருத்த வரும் ஆளின் பயணத்தைக் கணக்கிலேயே எடுக்காதது இந்தத் திட்டத்தின் கடுமையான குறை. அதன் பாரம் கடைசியில் நாற்காலியில் இருப்பவர் மேல்தான் விழுகிறது.

காகிதத்துக்கு வருவோம். பழுது பார்க்கப் புதிய மருந்துச்சீட்டு வேண்டாம். இது தெரியாமல் டாக்டர் கையெழுத்துக்காகவே வாரக்கணக்கில் காத்திருக்கும் சப்ளையர்கள் உண்டு. வேண்டியது வேறு. இந்த நாற்காலி இவருக்கு இன்னும் தேவைப்படுகிறது என்று சிகிச்சை தரும் மருத்துவரின் பதிவில், கடந்த 12 மாதத்துக்குள், ஒரு குறிப்பு இருக்க வேண்டும். இந்தப் பழுது ஏன் தேவை என்பதை டாக்டரோ சப்ளையரோ யாராவது ஒருவர் எழுதினால் போதும். பாகத்தை ஏன் மாற்றினோம், எவ்வளவு நேரம் பிடித்தது என்று சப்ளையர் கோப்பில் விவரம் இருக்க வேண்டும். 'பேட்டரி மாற்றப்பட்டது' என்ற இரண்டு சொல் போதாது. லோடு சோதனையில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கியது என்று எழுதிய வேலைச்சீட்டு ஆடிட்டில் நிற்கும்.

அதிகம் அடிவாங்கும் இடம் நாற்காலியின் பூர்வீகம். முதலில் நாற்காலியை வாங்கிக் கொடுத்தது மெடிகேர் இல்லையென்றால், உதாரணமாகப் பழைய கம்பெனிக் காப்பீடு வாங்கிக் கொடுத்திருந்தால், மெடிகேர் கணினியில் அந்த நாற்காலிக்குப் பதிவே இருக்காது. பாகம் மட்டும் தனியாக வந்து நின்றால் கிளெய்ம் திரும்பும். அடிப்படை நாற்காலியின் கோடு, அது பயனாளியின் சொந்தம் என்ற குறிப்பு, கைக்கு வந்த தேதி, இந்த மூன்றும் மின்னணு கிளெய்மின் என்டிஇ என்ற குறிப்புப் பகுதியில் போக வேண்டும். அதில் இருப்பது 80 எழுத்துக்கு மட்டும் இடம், இடைவெளியும் சேர்த்து. சுருக்கெழுத்துப் பட்டியல் ஒன்றைக் குழுவுக்குள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. தனிக் கோடு இல்லாத பாகத்துக்கு கே0108 போடும்போதும் இதே 80 எழுத்துக்குள்தான் பொருளின் விவரம், தயாரிப்பாளர், மாடல் எண், பட்டியல் விலை எல்லாம் அடங்க வேண்டும். பெர்மொபில், குவாண்டம் நாற்காலிகளின் சின்னச் சின்னத் தாங்கிகள், அடைப்புகள் பலவும் இந்தக் கோடில்தான் போகின்றன. ஒரு கோடு ஏற்கெனவே இருக்கும் பொருளை கே0108-இல் அனுப்பினால் தவறான கோடு என்று திரும்பும்.

இன்னும் இரண்டு பொறி. நாற்காலி 13 மாத வாடகைக் காலத்தில் இருந்தால் பழுது சப்ளையர் பொறுப்பு, தனியாக பில் போட முடியாது. வாரண்டியில் இருக்கும் பாகமும் அப்படியே. இரண்டாவது, ஜனவரியில் பயனாளி தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறியிருப்பார். குடும்பத்துக்கே அது நினைவிருக்காது. ஆர்டர் எடுத்த அன்று பார்த்த எலிஜிபிலிட்டியை (எந்தக் காப்பீட்டில் இருக்கிறார் என்ற விவரத்தை) நம்பாமல், பொருத்தும் நாளில் மறுபடி பார்த்தால், கிளெய்ம் வேறு திட்டத்துக்குப் போக வேண்டும் என்று மறுக்கும் சிஓ-24, சிஓ-109 டினையல்கள் பெரும்பாலும் வராது.

டினையல் வந்தால் எல்லாவற்றுக்கும் அப்பீல் போடுவது வீண் வேலை. சிஓ-16 (விவரம் குறைவு அல்லது பிழை) என்ற மறுப்புக் குறியுடன் எம்ஏ130 என்ற குறிப்பும் இருந்தால் அந்தக் கிளெய்ம் பரிசீலிக்கப்படவே இல்லை. திருத்திப் புதிதாக அனுப்ப வேண்டும், அப்பீல் செல்லாது. சேவை நாளிலிருந்து ஒரு வருடம் அதற்குக் கெடு. எழுத்துப்பிழை, யூனிட் பிழை என்றால் ரீஓப்பனிங் (அப்பீல் இல்லாமல் திருத்தக் கேட்பது) போதும். மருத்துவத் தேவை இல்லை என்று சிஓ-50 வந்தால் 120 நாளுக்குள் ரீடிடர்மினேஷன் என்ற முதல்படி அப்பீல். அதிலும் தோற்றால் அடுத்த படிக்கு 180 நாள். நோரிடியன், சிஜிஎஸ் என்ற இரண்டு ஒப்பந்ததாரர்களும் விதிகளையும் யூனிட் அட்டவணையையும் தங்கள் தளத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அந்த வகையில் குறை சொல்ல முடியாது.

குடும்பங்கள் சப்ளையரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அசைன்மென்ட் ஏற்பீர்களா, அதாவது மெடிகேர் அனுமதித்த விலையையே முழு விலையாக எடுத்துக்கொள்வீர்களா? ஏற்றால் 20 சதவீதத்துக்கும் பாக்கிக் கழிவுத்தொகைக்கும் மேல் கேட்க முடியாது. ஏற்காவிட்டால் டிஎம்இ பொருட்களுக்கு விலை உச்சவரம்பே கிடையாது. முழுத்தொகையையும் முன்னாலேயே வாங்கலாம். நாற்காலியின் சீரியல் எண் ஸ்டிக்கரையும் முதல் டெலிவரிச் சீட்டையும் போனில் படமெடுத்து வைத்திருங்கள். வருடாந்திரச் செக்கப்பில் டாக்டரிடம் நாற்காலியைப் பற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் பதிவில் ஏறும்.

பலருக்கும் தெரியாத உரிமை ஒன்றும் இருக்கிறது. சொந்த நாற்காலியின் பழுது ஒரு நாளுக்கு மேல் இழுத்தால், கே0462 என்ற கோடில் மாற்று நாற்காலிக்கு ஒரு மாத வாடகையை மெடிகேர் தருகிறது. எது பழுது, ஏன் ஒரு நாளில் முடியாது, மாற்றாகக் கொடுத்தது எந்த மாடல் என்று சப்ளையர் குறிப்பு எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுத்து வேலை கூடுதல் என்பதால் சப்ளையர் தானாக முன்வந்து சொல்லாமல் இருக்கலாம். பாகத்துக்கு ஆர்டர் போடும் அதே போன் பேச்சிலேயே அந்தக் கோடைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.