தலைப்பிரசவம்: தென்காசியா, சென்னையா?

ஏழாம் மாதம் முடியப் போகிறது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் இன்னும் கையில்தான் இருக்கின்றன. லேப்டாப்பில் தட்டும்போதெல்லாம் சலசலவென்று சத்தம். மீட்டிங்கில் பேசாதபோது மைக்கை அணைத்துவையுங்கள் என்று மேனேஜரே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஜூலை நடுவில் தேதி கொடுத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: பிரசவம் எங்கே?

எங்களுக்கு வழி இரண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. இல்லையென்றால் மேடவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டிலேயே இருந்துகொண்டு அம்மாவை வரவழைப்பது. மாமியார் வீடு மூன்றாவதாக வந்திருக்க வேண்டும். அத்தையே அதை முதல் நாளில் தள்ளிவிட்டார்: "தலைப்பிரசவம் தாய் வீட்லதான். அதுல என்ன யோசனை?" சரி, இரண்டுதான்.

ஆஸ்பத்திரியை வைத்துப் பார்த்தால் சென்னைதான் முந்துகிறது. ஆறாவது வாரத்திலிருந்து என்னைப் பார்த்துவரும் டாக்டர் இங்கே இருக்கிறார். 20ஆவது வாரத்து ஸ்கேனில் நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இருக்கிறது என்றபோது நான் பயந்ததும், அடுத்த ஸ்கேனில் அது மேலே ஏறிவிட்டதும் அவருக்கு ஃபைலைத் திறக்காமலே தெரியும். எட்டாம் மாதத்தில் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு புது டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், "இவ்வளவு நாள் எங்க பாத்தீங்க?" என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வளைகாப்புக்குப் போனபோது ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அதேதான் கேட்டார்.

அவசரம் என்று வந்துவிட்டால் தூரமும் ஒரு கணக்கு. சென்னையில் எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியும் உள்ளூரிலேயே இருக்கின்றன. சிக்கலான கேஸ்களைக் கடைசியாக அனுப்பிவைக்கும் இடங்களே அவைதான். தென்காசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் மேலே என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்டில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். எனக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து எடுத்த சுகர் டெஸ்டும் சரி. இவற்றில் ஒன்று தப்பியிருந்தாலும், இரட்டைக் குழந்தையாக இருந்தாலும், நஞ்சுக்கொடி கீழேயே நின்றிருந்தாலும் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. மறு பேச்சில்லாமல் சென்னை.

செலவுக்கு வருவோம். இங்கே நாங்கள் விசாரித்த ஒரு தனியார் மருத்துவமனையில் சுகப்பிரசவத்துக்கு 70,000, ஆபரேஷன் என்றால் 1,25,000 என்றார்கள். என் கணவருடைய கம்பெனி இன்ஷூரன்ஸில் பிரசவத்துக்கு உச்சவரம்பு 50,000. பில்லிங் கவுன்ட்டரில் இருந்த பெண் ஆபரேஷன் பேக்கேஜின் அறை வகைகளை விளக்கிய அழகில், சுகப்பிரசவம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாரோ என்று தோன்றியது. எனக்கு மட்டும் தோன்றியதல்ல போலிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். அரசில் ஆபரேஷனும் இலவசம்தான், சாப்பாடும் உண்டு, குழந்தையோடு வீடுவரை கொண்டுவந்து விட 102 வண்டியும் வரும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் ஏழைத் தாய்மார்களுக்கானது. நாங்கள் இருவரும் சம்பளக்காரர்கள், அந்தக் கணக்கில் வரமாட்டோம். ஊருக்குப் போனால் அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. என் அக்காவுக்கு இரண்டும் அங்கேதான். சென்னையிலும் அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்றால், போகலாம். ஆனால் வார்டில் கூட இருக்க ஒரு பெண்துணை வேண்டும், அவருக்கு வீட்டிலிருந்து சோறு கொண்டுவர இன்னொருவர் வேண்டும். இங்கே நாங்கள் இரண்டே பேர். ஊரில் அம்மா, அக்கா, சித்தி என்று முறை போட்டு வந்துவிடுவார்கள்.

காகித வேலையில் பெரிய வித்தியாசமில்லை. கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் ஒன்றுதான், எந்த ஊரில் பிரசவமானாலும் அதையே கொடுக்கலாம். 21 நாளைக்குள் பிறப்பைப் பதிந்தால் கட்டணம் கிடையாது. பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்க ஓராண்டுவரை அவகாசம். ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத் தடுப்பூசிகளை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்ற இடத்தில் தென்காசி என்று வரும், அவ்வளவுதான். இவருக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். எனக்குச் சின்னப் பெருமை.

நான் அதிகம் குழம்பியது லீவு விஷயத்தில்தான். சட்டப்படி 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். சென்னையிலேயே இருந்தால் 38ஆவது வாரம்வரை வேலை பார்த்துவிட்டு, 24 வாரத்தைக் குழந்தையோடு கழிக்கலாம். ஊருக்கு என்றால் 32ஆவது வாரத்திலேயே கிளப்பிவிடுவார்கள். அதற்குமேல் ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டாம் என்கிறார் டாக்டர். அன்றிலிருந்தே லீவு ஓடினால் பிள்ளை முகம் பார்ப்பதற்குள் 8 வாரம் காலி. கேட்டுப் பார்த்ததில் ஒரு மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சம்மதித்தார்கள். ஆகவே 36ஆவது வாரத்தில் லீவு ஆரம்பம், குழந்தையோடு 22 வாரம். சென்னையைவிட இரண்டு வாரம் நஷ்டம். மதியம் மின்சாரம் போய்விட்டால் மொபைல் நெட்டை நம்பித்தான் பிழைப்பு. இவருக்கு ஐந்தே நாள் லீவு. மத்திய அரசு வேலையாக இருந்திருந்தால் 15 நாள். தனியாரில் அப்பாக்களுக்கென்று சட்டம் எதுவும் இல்லை, கம்பெனி மனது வைத்தால் உண்டு.

இதுவரை பார்த்தால் சென்னைதான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் பிரசவ நாள்வரைக்குமான கணக்கு. எல்லோரும் அந்த ஒரு நாளைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு நாற்பது நாள் இருக்கிறதே!

எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி. எண்ணிவைத்திருக்கிறேன், ஏனென்றால் இப்போதே இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு முறை நின்று மூச்சு வாங்குகிறேன். தையலோடு இந்தப் படி ஏறுவதை நினைத்துப் பார்க்கிறேன். தண்ணீர் லாரி வாரத்துக்கு மூன்று நாள். பிள்ளைக்குத் துணி துவைக்க ஆரம்பித்தால் அது நான்காகும், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை தினமாகும். அம்மா வந்தால் எங்கே படுப்பார்? ஹாலில் என்றால், இவர் வேலை பார்க்கும் மேசையை எங்கே போடுவது? அதைவிடப் பெரிய கேள்வியை அம்மாவே போனில் கேட்டுவிட்டார்: "ஏட்டி, நான் அங்க வந்து குந்திக்கிட்டா அப்பாவுக்கு யாரு சோறு பொங்குவா? சினைமாட்ட யாரு பாப்பா?" எங்கள் வீட்டு மாட்டுக்கும் ஜூலையில்தான் நாள். ஒரே மாதத்தில் இரண்டு பிரசவம், அம்மா ஒருவர்.

அங்கே கீழ்வீடு. பின்கட்டில் விறகடுப்பில் எந்நேரமும் வெந்நீர். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெருவிலேயே ஒரு பாட்டி இருக்கிறார். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதால் எழுந்து வாங்கிக்கொள்ள மூன்று ஜோடிக் கை. எனக்குப் பூண்டுக் குழம்பும், கருப்பட்டி போட்ட உளுந்தங்களியும், பால் சுரக்கச் சுறாப் புட்டும் கேட்காமலே தட்டுக்கு வரும். சென்னையில் இதற்கெல்லாம் ஆள் வைத்துப் பார்க்கலாம்தான். ஒரு மாதத்துக்கு அவர்கள் கேட்கும் சம்பளம் எங்கள் வீட்டு வாடகையைத் தாண்டுகிறது.

அப்புறம் வெயில். இங்கே கத்திரி முடிந்தாலும் ஜூனில் மாடி வீடு அடுப்பாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அங்கே குற்றாலத்தில் சாரல். வயிற்றைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் முகத்தில் தூறல் தெறிக்கும். ஆனால் சாரலில் துணி காயாது. அக்காவின் மூத்தவன் பிறந்தது ஆடியில். வீடு முழுக்கக் கொடி கட்டி, அத்தனை கொடியிலும் ஈர வேட்டித் துண்டுகள் தொங்கின. கடைசியில் அம்மா அவற்றை ஒவ்வொன்றாக இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காய வைத்தார். சென்னை மொட்டை மாடியில் அதே துண்டு அரை மணி நேரத்தில் அப்பளமாகிவிடும்.

ஊரில் எனக்கு உண்மையாகவே பயம் தருவது ஒன்று உண்டு: ஆச்சி. பிரசவித்தவள் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பார். பிறந்ததும் பிள்ளை நாக்கில் இனிப்பு வைத்துச் சேனை தொட வேண்டும் என்பார். வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் இழைத்து உரைமருந்து புகட்டினால்தான் வயிறு கட்டும் என்பார். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்வதையும், பால் கொடுக்கும்போது நான் தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்பதையும் ஆச்சியிடம் யார் சொல்வது? சென்னை என்றால் இந்தச் சண்டையே வராது. அக்கா ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தாள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும் நாளில் ஆச்சி முன்னாலேயே அவரிடம் கேட்டுவிட வேண்டுமாம். பேத்தி சொன்னால் ஏறாது, செவிலியர் சொன்னால் ஏறும்.

இன்னொரு நஷ்டம் என்னுடையது இல்லை, இவருடையது. ஊரில் என்றால் அந்த நாற்பது நாளும் இவர் விருந்தாளி. வெள்ளிக்கிழமை ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சனிக்கிழமை காலை வந்து, ஞாயிறு சாயங்காலம் கிளம்ப வேண்டும். பிள்ளையைத் தூக்குவதற்குக்கூட "மாப்பிள, கழுத்தப் பாத்து" என்று நாலு பேர் நிற்பார்கள். சென்னையில் என்றால் முதல் நாளிலிருந்தே துணி மாற்றிப் பழகியிருப்பார். இதை இவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐந்து நாளையும் பிரசவத்தன்னைக்கே செலவு பண்ணாம, ரெண்டு நாள வச்சிருந்து மூணாவது வாரம் எடுக்கறேன். அப்பதான் உங்க அம்மா அசந்து போயிருப்பாங்க" என்றார். எல்லா ஒப்பீட்டையும்விட அந்தப் பதில்தான் என்னை முடிவெடுக்க வைத்தது. தென்காசி.

என் பயணத்துக்குக் கீழ்ப்படுக்கை வாங்கியாயிற்று. கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, டாக்டர் சான்றிதழோடு கவுன்ட்டரில் கேட்க வேண்டும். இவருடைய டிக்கெட்தான் பாக்கி. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், பிள்ளையோ தேதி சொல்லாது. ஜூலையில் வரும் வெள்ளிக்கிழமை அத்தனைக்கும் பொதிகையில் போட்டுவிட்டு, வேண்டாததை ரத்து செய்யப் போகிறாராம்.

"செவ்வாய்க்கிழமை பிறந்தா?" என்றேன்.

"கிளாம்பாக்கத்துல எந்த பஸ் நிக்குதோ அதுல ஏறிடுவேன்" என்றார்.