ஞானப்பல் எடுத்த குழிக்கு எலும்புத்தூள்: சம்மதம் சொல்லும் முன் படியுங்கள்

"தூள் போடாவிட்டால் தாடை எலும்பு கரைந்துவிடும்." ஊசி போட்டு வாய் மரத்துக் கிடக்கும்போது சில பல் கிளினிக்குகளில் இதைச் சொல்லித் தலையாட்ட வைக்கிறார்கள். பிறகு பில்லில் போன் கிராஃப்ட் (அந்த எலும்புத்தூள்), மெம்பரேன் (அதை மூடும் மெல்லிய படலம்), பிஆர்எஃப் (இரத்தத்திலிருந்து எடுக்கும் ஜவ்வு) என மூன்று வரி கூடுதலாக நிற்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஞானப்பல் குழி பெரும்பாலும் தானாகவே ஆறும். முதலில் இரத்தம் உறையும். ஒரு வாரத்தில் அந்தக் கட்டிக்குள் புதுத் திசு வளரத் தொடங்கும். ஈறு மூட மூன்று, நான்கு வாரம். எலும்பு நிரம்பிக் கெட்டிப்பட மாதக்கணக்கு. முன்பக்கப் பல்லை எடுத்தால் பிற்பாடு அங்கே இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்க எலும்பைக் காக்க வேண்டும், அங்கே கிராஃப்டுக்கு அர்த்தம் உண்டு. ஞானப்பல் இடத்தில் இம்பிளாண்ட் வைப்பதே அபூர்வம். பிறகு எதற்காக அந்த எலும்பைக் காப்பது?

உண்மையான தேவை ஒன்று இருக்கிறது. ஞானப்பல் சாய்ந்தோ படுத்தோ முளைத்து, முன்னால் உள்ள பல்லின் பின்வேரை ஒட்டிய எலும்பை ஏற்கெனவே அரித்திருந்தால், முக்கியமாக வயது 26-ஐத் தாண்டியிருந்தால், அங்கே பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமான பைபோன்ற இடைவெளி நிலைத்துவிடலாம். அப்போது கிராஃப்ட் நியாயம். ஆனால் அறுவைக்கு முன்பே அந்தப் பல்லின் பின்பக்கப் பையின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதியிருக்க வேண்டும். "அளவு எத்தனை?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் தூளும் வேண்டாம்.

பொருளிலும் மோசடி நடக்கிறது. கொலாஜன் பஞ்சு இரத்தக்கட்டியைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அது எலும்புத்தூள் அல்ல. அதை வைத்துவிட்டு கிராஃப்ட் விலை போடுகிறார்கள். பிஆர்எஃப் என்பது உங்கள் இரத்தத்தையே சுழற்றி எடுக்கும் ஜவ்வு. கையிலிருந்து இரத்தம் எடுக்கவில்லை என்றால் அது போடப்படவேயில்லை.

ஒரு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் வெள்ளையாகக் காட்டி, "பாருங்கள், எலும்பு வளர்ந்துவிட்டது" என்பார்கள். நம்பாதீர்கள். மாட்டெலும்புத் துகள் வைத்த அன்றே வெள்ளையாகத்தான் தெரியும். ஆண்டுக்கணக்கில் கரையாமலும் கிடக்கும். ஒரு வாரத்தில் எந்த எலும்பும் அப்படிக் கெட்டிப்படாது.

பொருள் மாட்டினுடையதா, பன்றியினுடையதா, இறந்தவர் தானம் தந்ததா, செயற்கையா என்று முன்கூட்டிச் சொல்வது அவர்கள் கடமை. மத நம்பிக்கைக்காகவோ ஒவ்வாமைக்காகவோ மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பாக்கெட்டில் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதித் தேதி, எத்தனை சிசி (மில்லி) என்ற அளவு எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் கோப்பில் ஒட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை சிசி பாக்கெட்டைப் பிரித்துவிட்டு ஒரு சிசிக்கு பில் போட்டிருந்தால் அங்கேயே பிடிபடும்.

தூள் வைத்தாகிவிட்டதா? முதல் சில நாள் மணல்போல ஓரிரு துகள் வாயில் வருவது சாதாரணம். சீழ், துர்நாற்றம், கூடிக்கொண்டே போகும் வீக்கம் என்றால் தூளில் கிருமி ஏறியிருக்கலாம். மாத்திரையை மட்டும் நீட்டித்துக்கொண்டே போகாமல், குழியைத் திறந்து கழுவித் துகளை வெளியே எடுக்க வேண்டுமா என்று அன்றைக்கே காட்டிக் கேளுங்கள். வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தாலோ பல் கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.