மச்சில் ஏற்றும் பீங்கானுக்கு எது நல்லது? மார்த்தாண்டத்தில் வாங்கிய பேக்கிங் சாமான்

ஃபோம் ஷீட் ரோல், பபிள் ராப், அட்டைப்பெட்டி மூன்றையும் மார்த்தாண்டத்தில் ஒரே கடையில் வாங்கினேன். ஃபோம் ஷீட்டுக்குத்தான் என் ஓட்டு.

சில வருடம் மகனோடு திருவனந்தபுரத்தில் இருக்கப் போகிறோம். அம்மாவின் ஊறுகாய்ப் பரணிகளும் (பீங்கான் ஜாடிகள்) தங்கக் கோடு போட்ட டீ செட்டும் அதுவரை தங்கச்சி வீட்டு மச்சில்தான்.

கடைத் தம்பி எடுத்ததும் பபிள் ராப்பை நீட்டினார். "எக்கா, இதைச் சுத்தி லாரியிலயே ஏத்தலாம், உடையாது." லாரிக்குச் சரி. ஆனால் ஓட்டுக்கூரையின் சூட்டில் வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால், குமிழ் பட்ட இடமெல்லாம் வட்ட வட்டமாகத் தடம் விழலாம். ஈரத்தையும் உள்ளேயே பிடித்து வைக்கும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டையும் வாங்குகிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. அதனால் பபிள் ராப்பைப் பெட்டியின் அடியிலும் ஓரத்திலும் மட்டும் திணித்தேன்.

பாத்திரத்தைத் தொடுவது ஃபோம் ஷீட். மெலிதான வெள்ளை பாலிஎத்திலீன். தண்ணீர் குடிக்காது, சாயம் விடாது. பக்கத்திலேயே மஞ்சள் ஸ்பாஞ்சும் அடுக்கியிருந்தது. விலை குறைவென்று அதைத் தொட்டுவிடாதீர்கள். நாளானால் பொடிந்து பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும்.

தங்கக் கோட்டுக்கு ஃபோமும் வேண்டாமென்று, கஞ்சி போடாமல் துவைத்துக் காயவைத்த பழைய துவர்த்தில் (துண்டில்) சுற்றினேன். கஞ்சி இருந்தால் பூச்சி தேடி வரும். செய்தித்தாள் கூடவே கூடாது. மை ஒட்டும், தாளில் அமிலமும் உண்டு. டேப்பைத் துணியின் மேல் ஒட்டலாம், பீங்கானின் மேல் ஒட்டினால் உரிக்கும்போது தங்கமும் சேர்ந்து வரும். ரப்பர் பேண்டும் அப்படித்தான், இளகிப் பிடித்துக்கொள்ளும். பரணியை நன்றாகக் காயவைத்து, மூடியைத் தனியாகச் சுற்றி வையுங்கள். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல், இடையில் ஃபோம் கொடுத்து விளிம்பில் நிறுத்துங்கள்.

குறை அட்டைப்பெட்டியில்தான். மூன்றடுக்கு அட்டை, பரணியின் கனத்துக்கு அடி தொய்கிறது. ஐந்தடுக்கு கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருகிறார்கள், கேட்காவிட்டால் கிடையாது. ஃபோமையும் வெட்டித் தர மாட்டார்களாம், முழு ரோல்தான். இரண்டு வீட்டுக்குச் சேர்த்து வாங்கினால் கட்டுப்படியாகும்.