கோபத்தில் எழுதிய மெயிலை இரண்டு மணி நேரம் பிடித்து வைக்கும் அவுட்லுக் ரூல்

நான் பார்த்தவரை ஆபீஸ் சண்டைகள் பெரும்பாலும் மெயிலில்தான் மூள்கின்றன. முகம் பார்த்துப் பேசும்போது நாக்கு நுனியில் நின்றுவிடும் வார்த்தையெல்லாம் கீபோர்டில் சரளமாக வந்து விழும். அதனால், கூட வேலை செய்பவரோடு உரசல், கோபம் அடங்க மாட்டேன் என்கிறது என்று யாராவது சொன்னால் மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கில் இருக்கும் ஒரு சாதாரண ரூலைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். செண்ட் அழுத்திய பிறகும் மெயிலை 120 நிமிடம் வரை அவுட்பாக்ஸிலேயே பிடித்து வைக்கும் ரூல் அது. பல வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்தது, செண்ட் அழுத்திய சில வினாடிக்குள் மெயிலை நிறுத்த உதவும் ஜிமெயிலின் அண்டூ செண்ட் என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம். 2009-ல் சோதனை வசதியாக வந்தது, 2015-ல் முறையான வசதியாயிற்று. நாம் எதையும் மாற்றாவிட்டால் 5 வினாடிதான் அவகாசம். செட்டிங்ஸில் போய் 10, 20, 30 என்று கூட்டிக்கொள்ளலாம். ஆள் மாற்றி அனுப்பியது, ஃபைலை இணைக்க மறந்தது போன்றவற்றுக்கு 30 வினாடி தாராளம். கோபத்துக்குப் போதவே போதாது. அந்த முப்பது வினாடியும் 'நறுக்கென்று கேட்டுவிட்டேன்' என்ற திருப்தியிலேயே கழிந்துவிடும்.

அவுட்லுக்கின் ரீகால் வேறு வகை. போய்ச் சேர்ந்த மெயிலைத் திரும்ப எடுக்கப் பார்க்கிறது. அதுவும் ஒரே நிறுவனத்துக்குள் மட்டும்தான். வெளியே போனது போனதுதான். சில அமைப்புகளில், இந்த மெயிலை இவர் திரும்பப் பெற விரும்புகிறார் என்று எதிராளிக்கே அறிவிப்பு போய்விடும். அப்புறம் அதைத் தேடிப் பிடித்துப் படிக்காமல் இருப்பாரா? நான் இதை நம்புவதில்லை.

தாமத ரூல் மட்டும்தான் கோபத்தின் வேகம் தெரிந்து செய்தது மாதிரி இருக்கிறது. கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய வடிவமான கிளாசிக் அவுட்லுக்கில் ரூல்ஸ் பகுதிக்குப் போய், நான் அனுப்பும் மெயில்களுக்கு என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, டெலிவரியைத் தள்ளிப்போடும் நிமிடத்தைக் கொடுக்க வேண்டும். அதிகபட்சம் 120. விதிவிலக்கும் வைக்கலாம். 'ஹை இம்பார்ட்டன்ஸ்' என்று குறித்தவை உடனே போகட்டும் என்று நான் வைத்திருக்கிறேன், அதனால் அவசர வேலை எதுவும் கெடுவதில்லை. ஒரு குறை: அவுட்லுக்கை மூடிவிட்டுக் கிளம்பினால் என் கணினியில் மெயில் அப்படியே கிடக்கும், மறுபடி திறந்தால்தான் போகும்.

ஒருமுறை சக ஊழியர் ஒருவர் என் மேனேஜரையும் அவருக்கு மேலிருப்பவரையும் சிசியில் போட்டு, 'பலமுறை நினைவூட்டியும் அறிக்கை வரவில்லை' என்று எழுதினார். அந்த அறிக்கைக்கு வேண்டிய எண்களை அவர் எனக்குத் தந்ததே அன்று காலையில்தான். சுருக்கென்றது. விறுவிறுவென்று பதில் அடித்தேன். 'எண்கள் இன்று காலை 10.20-க்குத்தான் எனக்குக் கிடைத்தன. பலமுறை நினைவூட்டியதாகச் சொல்கிறீர்கள், அந்த மெயில்களில் ஒன்றையாவது காட்ட முடியுமா? உங்கள் தாமதத்தை என் தலையில் கட்ட வேண்டாம். மாலை 4 மணிக்குள் அறிக்கை வரும்.' செண்ட் அழுத்தியாயிற்று, மெயில் அவுட்பாக்ஸில் உட்கார்ந்தது.

வேறு வேலை பார்த்துவிட்டு வந்து திறந்தபோது நடு வாக்கியங்கள் இரண்டும் வேண்டாதவை என்று பார்த்ததுமே தெரிந்தது. முதல் வரியும் கடைசி வரியும் போதும், சொல்ல வேண்டியது முழுக்க அதிலேயே இருந்தது. இரண்டை வெட்டினேன், சிசியை மட்டும் எடுக்கவில்லை. நாலு பேர் முன்னால் வந்த குற்றச்சாட்டுக்கு விவரம் அதே நாலு பேருக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோபத்தைக் குறைப்பதும் பழியை ஏற்பதும் ஒன்றல்ல.

அப்புறம் அவர் இடத்துக்கே போனேன். "லேட்டாகும்னு தோணினா மேல எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க, எது எங்க நிக்குதுன்னு சொல்லிடறேன்" என்றேன். தனக்கும் மேலேயிருந்து நெருக்கடி என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அடுத்த அறிக்கைக்கு முதலில் போன் வந்தது. அந்த நடு வாக்கியங்களோடு மெயில் போயிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

ரூல் செய்வது இவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்து அந்த மெயிலை அழித்துவிட்டு, மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தால் உரசல் அப்படியேதான் இருக்கும். ஒருவர் தொடர்ந்து அவமானப்படுத்துகிறார், மிரட்டுகிறார் என்றால் அது வேறு விஷயம். அங்கே தேதி, நேரத்தோடு குறித்து வைத்து, பொறுப்பில் இருப்பவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அவுட்லுக் இல்லாதவர்கள் பதில் எழுதும்போது முதல் வேலையாகப் பெறுநர் முகவரிகளை அழித்துவிடுங்கள். முகவரி இல்லாத மெயில் கை தவறி அழுத்தினாலும் போகாது.

இப்போது சண்டை சாட்டுக்கு இடம் மாறிக்கொண்டிருப்பதுதான் என் கவலை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாள் தாண்டியும் எல்லாருக்கும் அழிக்கலாம். ஆனால் அழித்த தடம் அங்கேயே நிற்கும், குழுவில் அதைப் பற்றியே பேச்சு ஓடும். ஆபீஸ் சாட் செயலிகளான ஸ்லாக்கிலும் டீம்ஸிலும் நேரம் குறித்து அனுப்பும் வசதி உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கோபத்தில் இருக்கும் கை அதைத் தேடிப் போகாது. அனுப்புவதையெல்லாம் தானாகவே பத்து நிமிடம் நிறுத்தி வைக்கும்படி சாட்டிலும் ஒரு ரூல் கொடுத்தால் அன்றைக்கே போட்டுக்கொள்வேன்.